டைட்டிலில் காணாமல் போகும் பெரியவர்கள்

தமிழ் சினிமாவில் ஒரு கதாசிரியரைப் பார்த்து 'உமக்கு வயசாயிட்டு, வேண்டாம்' என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. கூப்பிடுவார்கள். டிஸ்கஷன் ரூமில் உட்கார வைப்பார்கள். காபி, மதியச் சாப்பாடு, பேட்டா எல்லாம் உண்டு. அவர் சொன்ன சீன் படத்தில் இருக்கும். டைட்டிலில் அவர் பெயர் இருக்காது.

ராதாபுரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் இருக்கிறார் அப்படி ஒரு பெரியவர். எழுபதை நெருங்குகிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எண்பதுகளில் கோடம்பாக்கம் போய், வசன உதவியாளராகச் சேர்ந்து, பிறகு தன் பெயரிலேயே வசனம் எழுதியவர். இப்போது முருங்கைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்குப் பின்னால் காற்றாலைகள் சுற்றுகிற சத்தத்தில் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது.

"ஆபீஸ்ல போயி உக்காந்திருக்கேன் தம்பி. கதை கேக்க வந்த பையனுக்கு எம் மவன விட வயசு கம்மி. 'சார், நீங்க யாரு கூட வந்திருக்கீங்க?'ன்னு கேக்கான். கதை சொல்ல வந்ததே நாந்தாம்டேன்னேன். அதுக்குப் பொறவு போனையே பாத்துக்கிட்டு இருந்தான். இண்டர்வல் வரைக்கும் கூடச் சொல்லல, எந்திரிச்சு வந்துட்டேன்."

அதே ஆபீஸிலிருந்து சில மாதம் கழித்து அழைப்பு வந்திருக்கிறது. கிராமத்துக் கதை, அண்ணாச்சி கூட இருந்தால் நல்லா இருக்கும் என்றார்களாம். போயிருக்கிறார். படத்தில், சீர் கொண்டு வந்த தாய்மாமன் கோபத்தில் பந்திக்கு வராமல் வெளித்திண்ணையில் உட்கார்ந்துவிடுவான். அக்கா பேசாமல் திண்ணையிலேயே இலையை விரித்துச் சோறு போடுவாள். ஒரு வசனம் கிடையாது. அந்த சீன் இவர் சொன்னது. வள்ளியூர் தியேட்டரில் போய்ப் பார்த்தபோது பக்கத்து சீட்டில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

"டைட்டில்ல டிரைவர் பேரு வரைக்கும் வந்துச்சு. எம் பேரு வரல."

கேட்கவில்லையா என்றேன். "எதக் காட்டிக் கேக்க? ஒரு சீட்டு உண்டுமா?"

வயது பாரபட்சம் நம் ஊரில் நடக்கும் விதம் இதுதான். வேலை முழுசாகப் பறிபோவதில்லை. அதைச் செய்ததற்கான அடையாளம்தான் பறிபோகிறது.

முன்பு இப்படி இல்லை. தேவர் பிலிம்ஸ் படங்களில் 'கதை இலாகா' என்றே டைட்டில் போட்டார்கள். எழுத்து ஒரு தனி டிபார்ட்மெண்டாக இருந்தது. அதில் வயதானவருக்கு ஒரு நாற்காலி இருந்தது. பிறகு கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் நான்கும் ஒரே கார்டில் ஒருவருக்கே என்றானது. எழுத்து வேலை டைரக்டருக்கும் அவருடைய அசிஸ்டண்டுகளுக்கும் போய்விட்டது. அறுபது வயதில் யாரும் அசிஸ்டண்டாகச் சேர முடியாது. பெரியவர்களுக்கு மிஞ்சியது டிஸ்கஷன் ஒன்றுதான்.

இளைஞர்கள்தான் டிக்கெட் வாங்குகிறார்கள், அவர்கள் மொழி தெரிந்தவர்தான் வேண்டும் என்பது தயாரிப்பாளர் தரப்பு வாதம். ஆனால், 'பாசமலர்' (1961) படத்துக்கு வசனம் எழுதிய ஆரூர்தாஸ்தான் எண்பதைத் தாண்டிய வயதில் 'தெனாலிராமன்' (2014) படத்துக்கும் எழுதினார். சுஜாதா 'சிவாஜி' (2007) படத்துக்கு எழுதியபோது எழுபதைக் கடந்திருந்தார். ஏற்கெனவே பெயர் நிலைத்தவர்கள் அவர்கள். பெயர் நிலைக்காதவரின் கதி வேறு.

அமெரிக்காவில் இது கோர்ட்டுக்கே போனது. நாற்பது வயதைக் கடந்த தொலைக்காட்சி எழுத்தாளர்கள் 2000-ல் தொடுக்கத் தொடங்கிய வழக்குகள் 2010-ல் 7 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தன. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களைப் பாதுகாக்கும் சட்டம் அங்கே 1967-லேயே வந்துவிட்டது. இங்கே தனியார் துறையில் வயதைக் காட்டி வேலை மறுப்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் கிடையாது. சட்டமே வந்தாலும் என் கவலை தீராது. கேஸ் போட வேண்டுமானால் அந்தப் படத்தில் வேலை செய்ததை முதலில் நிரூபிக்க வேண்டுமே!

2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளருக்கு நல்ல வழி செய்திருக்கிறது. தியேட்டருக்கு வெளியே படம் பயன்படும்போது, அதில் உள்ள எழுத்துக்கான ராயல்டியில் எழுதியவருக்குச் சம பங்கு. அந்த உரிமையைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுத்து எழுதியவரே கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. டிவியிலும் ஓ.டி.டி.யிலும் படங்கள் திரும்பத் திரும்ப ஓடும் காலத்தில் முதுமைக்கு இதைவிட நல்ல வருமானம் ஏது? ஆனால் எழுதியவர் என்று அவர் பெயர் எங்காவது பதிவாகியிருக்க வேண்டும். பேட்டா வாங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறியவருக்கு அது இல்லை.

தேவர் பிலிம்ஸ் கதை இலாகாவில் இருந்த கலைஞானம் வாடகை வீட்டில் இருக்கிறார் என்பது 2019-ல் அவருக்கு நடந்த பாராட்டு விழாவில்தான் பலருக்கும் தெரிந்தது. அவர் தயாரித்த 'பைரவி' (1978) படத்தில் தனி நாயகனான ரஜினிகாந்த் அவருக்கு வீடு வாங்கிக் கொடுத்தார். மனசு நிறைந்த செய்தி. டைட்டிலில் பெயரே வராதவர்களுக்கு எந்த மேடையில், யார், எதைச் சொல்லிப் பாராட்டு விழா எடுப்பார்கள்?

டிஸ்கஷன் தொடங்கும் அன்றே ஒரு தாளில் யார் யார் உட்கார்ந்தார்கள், எந்தெந்தத் தேதியில், என்ன சம்பளம் என்று எழுதி, தயாரிப்பு மேனேஜர் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி கொடுக்க வேண்டும். 'கதை விவாதம்' என்று ஒரு கார்டில் அத்தனை பெயரும் வர வேண்டும். லைட்மேனுக்கும் டிரைவருக்கும் சங்கங்கள் போராடி வாங்கிக் கொடுத்ததை எழுதுகிறவர்களுக்கும் வாங்கிக் கொடுக்கட்டும். அடுத்த முறை அழைப்பு வந்தால் அந்தத் தாளைக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவது என்று ராதாபுரத்துப் பெரியவர் முடிவு செய்திருக்கிறார்.