தேடுபொறி உகப்பாக்கக் கலைச்சொற்கள்: பொருளும் பெயர்ப்பும்

இணையதளங்களைத் தமிழாக்கும் பணி பெருகிவரும் இந்நாளில், மொழிபெயர்ப்பாளரிடம் வரும் ஆவணங்களில் உரைப்பகுதியோடு தேடுபொறி, இணைய விளம்பரம் ஆகியவை சார்ந்த சொற்களும் கலந்தே வருகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தின் அன்றாடச் சொற்களே. அதனால் அகராதிப்பொருளை வைத்துப் பெயர்த்துவிடலாம் என்ற எண்ணம் எளிதில் தோன்றும். ஆனால் இத்துறையில் அவை பெற்றுள்ள பொருள் வேறு.

துறையின் பெயரிலிருந்தே தொடங்கலாம். எஸ்.இ.ஓ. எனச் சுருக்கமாக வழங்குவதைத் தமிழில் 'தேடுபொறி உகப்பாக்கம்' என்கின்றனர். இத்தொடரைப் படிக்கும் தமிழர் இதனை இரண்டாம் வேற்றுமைத் தொகையாகவே, அதாவது தேடுபொறியை உகந்ததாக்குதல் என்றே, விரித்துக்கொள்வர். உண்மையில் உகந்ததாக்கப்படுவது பக்கமே, பொறி அன்று. தேடுபொறிக்கு ஏற்பப் பக்கத்தைச் சீரமைத்தல் என நான்காம் வேற்றுமைப் பொருளில் விரிப்பதே பொருந்தும். ஆங்கிலத் தொடரிலும் இம்மயக்கம் உண்டு. தமிழில் சொல் வேரூன்றிவிட்டமையால் அதனை மாற்ற முனைவது வீண்; முதன்முறை வருமிடத்தில் 'தேடுபொறிக்கேற்ற பக்கச் சீரமைப்பு' என விளக்கம் தருவது போதும்.

தேடுபொறியின் பணி மூன்று நிலைகளில் நிகழ்கிறது. முதலில் ஒரு நிரல், இணைப்புகளைப் பற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகச் செல்கிறது. பின்னர் அங்குக் கண்டவை சொல்லடைவாகத் தொகுக்கப்படுகின்றன. ஒருவர் தேடும்போது அவ்வடைவிலிருந்து பொருத்தமானவை வரிசைப்படுத்தப்படுகின்றன. முதல் நிலைக்கான ஆங்கிலச் சொற்கள் சிலந்தியையும் ஊர்தலையும் குறிப்பன. 'வலை' என்ற உருவகம் அம்மொழியில் உயிரோடிருப்பதால் அவை இயல்பாகப் பொருந்துகின்றன. தமிழில் வலை 'இணையம்' ஆகிவிட்டபின், 'சிலந்தி' மட்டும் வலையின்றித் தனித்து நிற்கிறது. ஊர்தல் வினையிலிருந்து 'ஊர்தி' எனப் பெயராக்கினால் வாகனம் ஆகிவிடும். 'ஊர்நிரல்' என்பது இவ்விடர்களைத் தவிர்க்கும். 1994இல் மார்ட்டைன் கோஸ்டர் முன்வைத்த ரோபாட்ஸ் கோப்பைத் 'தடைக்கோப்பு' எனப் பெயர்ப்பதும் சரியன்று. ஊர்நிரலிடம் 'இப்பகுதிக்குள் வரவேண்டா' என அது வேண்டுகிறதேயன்றித் தடுப்பதில்லை. அவ்வாறு விலக்கப்பட்ட பக்கத்தின் முகவரியும் பிற பக்கங்களின் இணைப்புவழி அடைவில் இடம்பெறக்கூடும். கூகுளின் 'பேஜ்ராங்க்' நிறுவனர் லாரி பேஜின் பெயரையும் தன்னுள் கொண்ட சிறப்புப்பெயர் ஆகலின், 'பக்கத்தரம்' எனப் பெயர்க்காமல் ஒலிபெயர்ப்பதே முறை.

விளம்பரக் கணக்கீட்டுச் சொற்களில் பிழை நேர்ந்தால் பணமும் தவறும். 'இம்ப்ரெஷன்' என்பது விளம்பரம் ஒருமுறை திரையில் தோன்றுதலை மட்டும் குறிக்கும். பார்த்தவர் மனத்தில் பதிந்ததா என்ற வினாவே அதில் இல்லை. எனவே 'மனப்பதிவு' பொருந்தாது, 'தோன்றுகை' பொருந்தும். 'சி.பி.எம்.' (தமிழ்ச் செய்தித்தாள் படிப்பவர்க்கு இஃது ஓர் அரசியல் கட்சியையே நினைவூட்டும்) என்பதன் இறுதி எழுத்து ஆயிரம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லைச் சுட்டுவது. இதனை மில்லியன் எனக் கொண்டால் கணக்கு ஆயிரம் மடங்கு பிறழும். 'ஆயிரம் தோன்றுகைக்கான கட்டணம்' என விரித்தெழுதுவதே பாதுகாப்பு.

'பவுன்ஸ்' வீதத்தைத் 'துள்ளல் வீதம்' என்போர் உளர். தமிழில் துள்ளல் மகிழ்ச்சிக்குரியது. இங்கோ வந்தவர் பயன்கொள்ளாமல் போனதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'திரும்புகை வீதம்' நன்று. இச்சொல்லின் பொருளும் நிலையாக இல்லை. கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பில் ஒரே பக்கத்தோடு முடிந்த வருகையை அது குறித்தது. அப்பதிப்பு 2023இல் நிறுத்தப்பட்டது. இன்றைய பதிப்பில், பத்து நொடிக்கு மேல் நீடித்த வருகை ஒரே பக்கத்தோடு முடிந்தாலும் திரும்புகையாகக் கொள்ளப்படாது. இரு காலத்து அறிக்கைகளை ஒப்பிடும் ஆவணத்தைப் பெயர்ப்பவர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். 'கன்வர்ஷன்' என்பதற்கு 'மதமாற்றம்' என எந்திரப் பெயர்ப்பு தரக்கூடும். வந்தவர் வாங்குபவராகவோ பதிவு செய்பவராகவோ ஆவதே இங்குப் பொருள் என்பதால் 'பயனீடேற்றம்' எனலாம்.

விதிமீறிய உத்திகளை ஆங்கிலத்தார் 'கறுப்புத் தொப்பி' என்பது, அமெரிக்க மேற்கத்தியத் திரைப்படங்களில் தீயவன் அணிந்த தொப்பியைக் கருதியே. தமிழில் கள்ளச்சந்தை, கள்ளக்கணக்கு என்ற வழக்கு இருக்கையில் 'கள்ள உத்தி' என்பதற்கு விளக்கமே வேண்டா.

மொழியியலார் மிகுதியும் கருதவேண்டியது 'கீவேர்ட்' என்னும் கருத்தாகும். இதற்குத் 'திறவுச்சொல்', 'குறிச்சொல்', 'முக்கியச்சொல்' என்பன வழங்குகின்றன. முதலாவது 'கடவுச்சொல்'லோடு மயங்கும். இரண்டாவது வகைப்பாட்டுக் குறிக்கும் ஆளப்படுகிறது. 'தேடுசொல்' என்பதே செயலைக் காட்டும். அச்செயலுக்கு உரியவர் ஆசிரியரோ கலைச்சொற்குழுவோ அல்லர், தேடுபவரே. கலைச்சொல்லாக்கத்தில் பழகிய மொழிபெயர்ப்பாளர்க்கு இடறுவது இவ்விடமே. ஒரு மருத்துவப் பக்கத்தைப் பெயர்ப்பவர் 'நீரிழிவு' என முழுதும் எழுதுகிறார் எனக் கொள்வோம். சொல் தூயது, பாடநூல் ஏற்றது. ஆனால் நோயுற்றவர் வீட்டில் வழங்குவது 'சர்க்கரை நோய்' அல்லது 'சுகர்'. தேடும்போதும் அவர் அதனையே எழுதுவார். இன்றைய தேடுபொறிகள் ஒருபொருட் சொற்களை ஓரளவு இணைத்தறியினும், பக்கத்தில் அச்சொல் ஓரிடத்தும் இல்லாதபோது, தேவைப்பட்டவர்க்கே அப்பக்கம் எட்டாமற் போகக்கூடும். தலைப்பில் 'சர்க்கரை நோய்' என்றும் முதற்பத்தியில் 'நீரிழிவு எனப்படும்' என்றும் அமைத்தால் இரண்டும் நிறைவேறும். தரப்படுத்தம் ஒருபுறமும் வழக்கு ஒருபுறமும் இழுக்கும் இப்பூசல் பழையது. இங்கு அதன் விளைவு உடனே தெரிகிறது.

இதற்கென மறைகுறிப்பில் சொற்களை அடுக்கிவைக்கும் முறை பயன்தராது. அப்பட்டியலைத் தரவரிசைக்குக் கருதுவதில்லை எனக் கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. சொல் உரையில்தான் வரவேண்டும்.

உரையில் வரும்போது தமிழின் ஒட்டுநிலை குறுக்கிடுகிறது. 'நோய்' என்பது நோயை, நோயால், நோய்க்கு, நோயுள்ளவர் எனத் திரியும். ஆங்கிலத் தேடுசொல் வாக்கியத்தில் பெரும்பாலும் உருமாறாமல் நிற்பது போலத் தமிழில் நில்லாது. அதே வடிவில் பத்துமுறை வரவேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால், வேற்றுமையுருபற்ற செயற்கை நடையே விளையும். சந்தியும் அவ்வாறே. 'மருந்துக் கடை' என்பது இலக்கணம். தேடுபவர் பலரும் தட்டச்சிடுவது 'மருந்து கடை'. எழுத்துவரிசையை மட்டும் ஒப்பிடும் கருவிக்கு இவை இரண்டு சொற்கள். வல்லெழுத்து மிகும் வடிவத்தை உரையில் காத்துக்கொண்டு, தேடுசொற் பட்டியலில் மட்டும் மிகாத வடிவத்தையும் சேர்த்துத் தருவது மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கது.