வானவெளிக்கும் வரப்பு உண்டு!

மாசி மகத்தன்று புதுவை வைத்திக்குப்பம் கடற்கரையைப் பார்க்க வேண்டும்! மயிலம் முருகன் வருவார். தீவனூர் பிள்ளையார் வருவார். சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு அங்கே கூடும். எள் போட்டால் எள் விழாது.

இத்தனை கூட்டத்திலும் சாமிகள் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசை தானாக வந்துவிடாது. முன்கூட்டியே நாலு பேர் உட்கார்ந்து பேசி வைத்தால்தான் வரும்.

கண்ணுக்குத் தெரியாத வானவெளியிலும் இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. அங்கே இடம் பிரித்துக் கொடுப்பதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது!

"ஹாம்" என்பவர் யார்?

வீட்டிலேயே ரேடியோ நிலையம் வைத்துக்கொண்டு, உலகம் முழுவதும் உள்ள நண்பர்களுடன் பேசுகிறவருக்கு "ஹாம்" என்று பெயர். இது பொழுதுபோக்கு. இதில் காசு சம்பாதிக்கக் கூடாது. மத்திய அரசின் பரீட்சையில் தேறி, லைசென்சு வாங்க வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. பெரும்பாலான இந்தியர்களின் குறி "வி.யு." என்று தொடங்கும். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான்.

முன்பு பிரெஞ்சு இந்தியாவுக்கு "எப்.என்.8" என்று தனிக் குறி இருந்தது. 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி புதுவை இந்தியாவின் கைக்கு வந்தது. அந்தக் குறியும் மறைந்தது.

இடம் கொஞ்சம், ஆள் அதிகம்

ஹாம்கள் பேசுவதற்கு என்று அரசாங்கங்கள் சில அலைவரிசைகளை ஒதுக்கி இருக்கின்றன. 7,000 முதல் 7,200 கிலோ ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி அவற்றில் ஒன்று.

ஒருவர் வாயால் பேசுவதற்குச் சுமார் 3 கிலோ ஹெர்ட்ஸ் இடம் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 66 பேச்சுக்கு மேல் இடம் இல்லை! இரவு நேரத்தில் இந்த அலைகள் வானத்தில் மோதித் திரும்பி, ஆயிரக்கணக்கான மைல் போகும். டோக்கியோவில் பேசுகிறவரும், சிட்னியில் பேசுகிறவரும் இதே இடத்தில்தான் இருப்பார்கள்.

இவர்களில் சிலர் தந்தி முறையில் "கட்டுக் கட" என்று அடிப்பார்கள். அதற்கு அரை கிலோ ஹெர்ட்ஸ் போதும். சிலர் கம்ப்யூட்டர் மூலம் எழுத்து அனுப்புவார்கள். ஒருவர் உரத்துப் பேசினால், பக்கத்தில் உள்ள மெல்லிய தந்தி ஒலி அமுங்கிவிடும்.

அதனால் தந்திக்குக் கீழ்ப்பகுதி, அடுத்து கம்ப்யூட்டருக்கு ஒரு பகுதி, பேச்சுக்கு மேல்பகுதி என்று வரப்பு போட்டார்கள்.

வரப்பு போடுகிறவர்கள்

1925-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி, பாரீஸ் நகரில் சர்வதேச ஹாம் சங்கம் தொடங்கியது. உலகத்தை 3 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தியா 3-வது மண்டலம். நம் நாட்டின் சார்பில் இந்திய அமெச்சூர் ரேடியோ சங்கம் அதில் இருக்கிறது. 2006-ம் ஆண்டு இந்த மண்டலத்தின் மாநாடு பெங்களூரில் நடந்தது.

இதில் உழைப்பவர்கள் தொண்டர்கள். எங்கே நெரிசல், எங்கே காலி இடம் என்று காது கொடுத்துக் கேட்கிறார்கள். திட்டம் எழுதுகிறார்கள். பல நாட்டாரிடம் காட்டி, வாதாடி, முடிவு செய்கிறார்கள்.

ஒரு காலத்தில் நம் பகுதியில் 7,100-க்கு மேல் ஒலிபரப்பு நிலையங்களே முழங்கின. ஹாம்கள் விடாமல் வாதாடினார்கள். 2003-ம் ஆண்டு ஜெனீவா மாநாட்டில் வழி பிறந்தது. 2009-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி 7,200 வரை ஹாம்களுக்குக் கிடைத்தது.

சுனாமி அன்று...

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு ஹாம் குழு, அந்தமான் போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானில் இருந்து ஹாம் குரல் கேட்பதே அபூர்வம். அவர்களோடு பேச உலகமே காத்திருந்தது.

காலையில் பூமி குலுங்கியது. கடல் பொங்கியது. டெலிபோன் செயல் இழந்தது.

குழுவினர் பொழுதுபோக்குப் பேச்சை நிறுத்தினார்கள். தீவில் யார் பிழைத்தார், என்ன உதவி வேண்டும் என்ற செய்திகளை ரேடியோ மூலம் அனுப்பினார்கள். அதே நாளில் புதுவைக் கடலோரத்தையும் சுனாமி தாக்கியது. உறவினரின் ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பது என்ன வேதனை என்று இந்தக் கரையில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய ஆபத்துக்காகவே சில இடங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். உலகம் முழுவதற்கும் 14,300 கிலோ ஹெர்ட்ஸ் அப்படிப்பட்ட இடம். நம் மண்டலத்தில் 7,110-ம் உண்டு. அங்கே அவசரக் குரல் கேட்டால், மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

கடல் ரேடியோவிலும் இப்படித்தான். 16-வது சானல் ஆபத்துக் குரலுக்கும் முதல் அழைப்புக்கும் உரியது. அதில் ஊர்க்கதை பேசினால், கவிழ்ந்த படகின் கூக்குரல் யார் காதிலும் விழாது.

நீங்களும் சேரலாம்

ஹாம்கள் பேசும் பகுதியின் எல்லை சட்டம் போட்டது. அதற்குள் இருக்கும் வரப்போ பெரும்பாலும் வாய்ச்சொல் ஒப்பந்தம் போன்றது. மதித்தால்தான் நிற்கும். அதனால் ஒவ்வொரு ஹாமும் அதற்குக் காவல்காரர்.

12 வயது நிரம்பியவர்கள் பரீட்சை எழுதலாம். லைசென்சு வாங்கியதும், பேசுவதற்கு முன் சில நாள் கேட்டுப் பாருங்கள். எங்கே இடைஞ்சல் என்று நோட்டில் குறித்து, சங்கத்துக்கு எழுதுங்கள். அடுத்த திட்டம் போடும்போது அது உதவும்.

அடுத்த புயலில் ஒரு மெல்லிய குரல் கரை சேர, இன்றே வழி விட்டு வைக்க வேண்டும்.