அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு?

திட்டக்குடி போன்ற ஊர்களில் நம் குடும்பங்கள் பலவற்றின் கதை ஒன்றுதான். அத்தா தொடங்கிய கடையை ஒரு மகன் பார்த்துக்கொள்வார். இன்னொரு மகன் சவூதியிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பணம் அனுப்புவார். அந்தப் பணத்தில் கடை பெரிதாகும், தங்கையின் நிக்காஹ் நடக்கும், தம்பி கல்லூரிக்குப் போவார். இதில் எது கடன், எது முதலீடு, எது அன்பளிப்பு? கேட்டால், "நமக்குள் என்ன கணக்கு?" என்பார்கள்.

அனுப்பியவர் திடீரென மவ்த்தாகிவிட்டால் அந்தக் கணக்கு தானாக வந்து நிற்கும். அவருடைய மனைவி கடையில் பங்கு கேட்பார். "அவர் சும்மா கொடுத்த பணம்தானே" என்பார் சகோதரர். இருவருமே பொய் சொல்லாதவர்களாக இருக்கலாம். ஆனால் இருவரிடமும் எழுத்து இல்லை. இழப்பு யத்தீம் பிள்ளைகளுக்கு.

குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது (2:282). தொகை சிறிதானாலும் பெரிதானாலும் தவணையோடு எழுத வேண்டும், கடன் பெற்றவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும் என்று அது வழிகாட்டுகிறது. நபி (ஸல்) அவர்கள் கடனாளி ஒருவருக்கு ஜனாஸா தொழுவிக்காமல் நின்றதும், அபூ கதாதா (ரலி) அக்கடனைப் பொறுப்பேற்ற பிறகே தொழுவித்ததும் நாம் அறிந்ததே. வாரிசுகள் சொத்தைப் பங்கிடும் முன் மய்யித்தின் கடன் அடைக்கப்பட வேண்டும். எழுதாத கடனை வாரிசுகள் எப்படி அறிவார்கள்?

நாட்டின் சட்டத்தையும் அறிந்துகொள்வோம். மார்க்கத்தில் கடனுக்குக் காலாவதி கிடையாது. ஆனால் 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, கைக்கடனுக்குப் பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அதற்குள் கடன் பெற்றவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாகக் காலம் தொடங்கும். பெரிய தொகையை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள். அதுவும் ஒரு சாட்சிதான்.

கடைக்கு வருவோம். உரிமமும் ஜி.எஸ்.டி. பதிவும் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், மற்றவர் தம் பங்கை நிரூபிப்பது கடினம். யார் எவ்வளவு போட்டார், லாபம் எந்த விகிதம், கடையில் நிற்பவருக்கு என்ன ஊதியம் என்று கூட்டு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். நஷ்டம் வந்தால் அவரவர் முதலீட்டு விகிதப்படியே ஏற்க வேண்டும் என்பது ஷரீஅத்தின் விதி. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு ஏற்பாடு எழுதப்படாவிட்டால், பங்குதாரர் ஒருவர் இறந்தவுடன் கூட்டு கலைந்துவிடும். பதிவு செய்யாத கூட்டில், ஒப்பந்த உரிமையைக் கேட்டு வழக்குப் போடவும் பெரும்பாலும் வழியில்லை.

எழுதினால் மட்டும் போதாது, ஆண்டுதோறும் கணக்கும் பார்க்க வேண்டும். பெங்களூருவின் ஐ.எம்.ஏ. நிறுவனம் மக்களைப் பங்குதாரர்கள் என்றே எழுதி, ஹலால் லாபம் என்று சொல்லிப் பணம் திரட்டியது. 2019இல் அது சரிந்தபோது பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் சேமிப்பை இழந்து நின்றன. கையில் இருந்த காகிதம் அவர்களைக் காக்கவில்லை.

பிள்ளைகளின் படிப்புச் செலவிலும் இதே தெளிவு வேண்டும். மாமாவோ மச்சானோ கல்லூரிக் கட்டணம் கட்டினால், அது ஹதியாவா, திருப்பித் தர வேண்டிய கர்ழா என்று அன்றே பேசிக்கொள்ளுங்கள். படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு அதைப் பேசினால் மனம்தான் முறியும்.

எழுதுவதை நம்பிக்கையின்மை என்று நினைக்காதீர்கள். நமக்குப் பின் நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் சந்தேகிக்காமல் இருக்க நாம் விட்டுச்செல்லும் அமானிதம் அது. இன்றிரவே ஒரு நோட்டை எடுத்து, கொடுக்க வேண்டியதையும் வர வேண்டியதையும் எழுதுங்கள். இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லியும் வையுங்கள்.