பறக்கும் மனிதன்: கதையும் கணக்கும்

மாலை வேளையிலே கண்டி வாவிக் கரையில் நின்று, கூடு திரும்பும் கொக்குகளையும் நீர்க்காகங்களையும் அண்ணாந்து பார்த்திராத மாணவன் நம்மவருள் ஒருவனேனும் இரான். தோளில் மாட்டிய புத்தகப் பையே நம்மைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்கு மேலே செல்லாதா என்று நாம் ஏங்கியதுண்டு. அவ்வேக்கம் நமக்கு மாத்திரம் உரியதன்று. முதுகிலே பூட்டும் றொக்கற் பொதியும், காலிலே அணியும் றொக்கற் பாதரட்சையும் சென்ற நூற்றாண்டின் விஞ்ஞானக் கதைகளிலும் சித்திரக் கதைகளிலும் திரைப்படங்களிலும் ஓயாது தோன்றி வந்துள்ளன. அவை நமக்கு எதனைக் காட்டின, எதனை மறைத்தன என்று சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கற்பனை மேனாட்டாருக்கே உரியதென்று எண்ணுதல் தவறு. பதினோராம் நூற்றாண்டிலே சோமதேவர் வடமொழியில் இயற்றிய கதாசரித் சாகரத்திலே, அணிந்தவரை ஆகாயத்தில் ஏந்திச் செல்லும் பாதுகைகள் வருகின்றன. மயாசுரனின் மைந்தர் இருவர் அவற்றின்பொருட்டுச் சண்டையிட, புத்திரகன் என்பான் அவர்களை ஓட்டப்பந்தயத்திற்கு அனுப்பிவிட்டுப் பாதுகைகளை மாட்டிக்கொண்டு பறந்துவிடுகிறான். அவன் படைத்த நகரே பாடலிபுத்திரம் என்பது கதை. நமது சீவக சிந்தாமணியிலோ திருத்தக்க தேவர் ஒரு படி மேலே சென்று, இயக்கும் முறையையும் கூறுகிறார். சச்சந்தன் தன் தேவி விசயைக்காகச் செய்வித்த மயிற்பொறி, விசையை வலப்புறம் திருப்பின் மேலெழும்; இடப்புறம் திருப்பின் கீழிறங்கும். கட்டியங்காரனின் வெற்றி முரசங்கேட்டு விசயை மூர்ச்சித்தபொழுது, செலுத்துவாரின்றிப் பொறி சுடுகாட்டிலே இறங்குகிறது. சீவகன் பிறந்தது அங்கேதான். ஏறுதலினும் இறங்குதலே அரிது என்பதைப் புலவர் உணர்ந்திருந்தார் போலும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1928ஆம் ஆண்டு ஓகத்து மாதம் வெளிவந்த ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ சஞ்சிகையின் அட்டையிலே, வானில் மிதந்தவண்ணம் கைகாட்டும் மனிதனொருவனின் படம் இருந்தது. அதே இதழில்தான் பக் றொஜேர்ஸ் என்னும் வீரனின் முதற்கதையும் வெளியாயிற்று. அடுத்த ஆண்டில் அவன் பத்திரிகைச் சித்திரக்கதை நாயகனானான். 1949இல் வெளிவந்த ‘கிங் ஒவ் த றொக்கற் மென்’ என்னும் தொடர்ப்படத்தின் நாயகன் தோலங்கி அணிந்து, மார்பிலே சில திருகுகளைப் பொருத்தியிருந்தான். ஒன்று மேலே, கீழே செல்வதற்கு. மற்றொன்று வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும். மயிற்பொறியின் வலமும் இடமும் நம் நினைவுக்கு வருகின்றன அல்லவா? ஆயினும் படத்திலே பறந்தது மனிதனன்று; கம்பியிலே வழுக்கிச் சென்ற ஆளுயரப் பொம்மையே.

கதை மெய்யானது 1961ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் திகதியன்று. பெல் நிறுவனப் பொறியியலாளர் வெண்டல் மூர் அமைத்த றொக்கற் பட்டியை அணிந்து, ஹரல்ட் கிரஹம் என்பவர் கட்டுக்கயிறு எதுவுமின்றி எழுந்தார். பறந்த தூரம் 34 மீட்டர். பறந்த நேரம் 13 வினாடி! அடர்த்தி மிகுந்த ஐதரசன் பரவொட்சைட்டு வெள்ளி ஊக்கியின்மேற் படும்பொழுது, பெருவெப்பமுள்ள நீராவியாகவும் ஒட்சிசனாகவும் பிரிகின்றது. அவை இரு குழல்கள் வழியே கீழ்நோக்கிப் பாய, நியூற்றனின் மூன்றாம் விதிப்படி மனிதன் மேல்நோக்கித் தள்ளப்படுகிறான். இதன் தத்துவம் பாடசாலைப் பிள்ளையும் அறிந்ததே. இடர்ப்பாடு முழுவதும் எரிபொருட் கணக்கிலேதான் இருக்கிறது.

நிலத்திலே ஊன்றி நிற்பவனைப் பூமி செலவின்றித் தாங்குகிறது. அந்தரத்தில் நிற்பவனோ ஒவ்வொரு வினாடியும் தன் நிறை முழுவதையும் எரிபொருளாற் தாங்குதல் வேண்டும். பறவை பெருந்தொகையான காற்றை மெல்லத் தள்ளி எழுகிறது. ஆகவே அதற்குச் செலவு குறைவு. றொக்கற்றோ, தான் சுமந்து செல்லும் சிறிதளவு பொருளை மிக்க வேகத்தோடு வீசியெறிகிறது. ஆகவே செலவு மிகுதி. ஏறத்தாழ 57 கிலோகிராம் நிறையுடைய பெல் பட்டி 21 வினாடிகளே பறக்கவல்லது. அது செல்லத்தக்க தூரம் ஏறத்தாழ 250 மீட்டர். மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுடைய நமது வாவியைச் சுற்றிவரப் புறப்படின், பத்திலொரு பங்கைக் கடக்குமுன்னரே நீரில் விழ நேரும். அதே வாவியை நீர்க்காகம் ஒரு மீனுணவின் வலிமையிற் பன்முறை சுற்றுகின்றது!

எனினும் 21 வினாடி களியாட்டத்திற்குப் போதுமானது. 1965இல் வெளியான ‘தண்டபோல்’ திரைப்படத்திலே ஜேம்ஸ் பொண்ட் எதிரிகளிடமிருந்து தப்பியது மெய்யான பெல் பட்டியின் துணையினாலேயே. 1984ஆம் ஆண்டு யூலை 28ஆம் திகதி லொஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பில் சூட்டர் அரங்கினுள் பறந்திறங்க, உலகமே வியந்தது. காட்சி முடிந்தது, பார்த்தவரின் ஆசையோ வளர்ந்தது. எரிபொருள் தீர்ந்தபின் நிகழ்வதை எந்தப் படமும் காட்டுவதில்லை.

இனிப் பாதரட்சையை நோக்குவோம். 1952இல் யப்பானியரான தெசுகா ஒசாமு படைத்த அஸ்றோ போய் என்னும் இயந்திரச் சிறுவன் காலிலிருந்து நெருப்புப் பீறிடப் பறந்தான். பார்ப்பதற்கு அழகே, மனிதனுக்கோ ஆபத்து. கணுக்கால் சற்றே திரும்பினும், உந்துவிசையின் கோடு உடலின் ஈர்ப்பு மையத்தை விட்டு விலகும், உடல் கரணமடிக்கும். 2008இல் வெளிவந்த ‘அயன் மேன்’ படத்து நாயகனும் சப்பாத்து விசையை மட்டும் நம்பாமல், உள்ளங்கையிலும் விசை பொருத்தியே நிலைபெறுகிறான். அமெரிக்க விண்வெளித் தாபனத்தார் 1973–74இல் ஸ்கைலாப் நிலையத்தினுள்ளே, காலால் இயக்கும் கருவியையும் முதுகுப் பொதியையும் ஒருங்கே சோதித்தனர். வென்றது முதுகுப் பொதியே. அதன் வழிவந்த பொதியை அணிந்து, 1984 பெப்ரவரி 7ஆம் திகதி புரூஸ் மக்கண்ட்லெஸ், கயிற்றுத் துணையின்றி விண்ணிலே உலாவினார். நிறையைத் தாங்கவேண்டாத அவ்விடத்தில், சிறிதளவு நைதரசன் வாயுவே போதுமாயிற்று.

இவ்வுண்மையை நன்குணர்ந்த எழுத்தாளர் ஒருவர் நம் நாட்டிலேயே வாழ்ந்தார். 1956இல் இலங்கையிற் குடியேறி, 2008இல் மறையும்வரை இங்கு வதிந்த ஆதர் சி. கிளார்க்கே அவர். அவரது 1973ஆம் ஆண்டு நாவலில் வரும் விண்கலத்தின் பெயர் இராமா. சுழலும் உருளை வடிவான அக்கலத்தின் நடு அச்சிலே நிறை இல்லையென்றே கூறலாம். அங்கேதான் ஜிம்மி என்னும் இளைஞன் காலால் மிதிக்கும் ஆகாயச் சைக்கிளிற் பறக்கிறான். வீரனுக்கு அளவிறந்த வலிமையைக் கொடாது, நிறை குறைந்த இடத்தைத் தேர்ந்து கொடுத்தமையே கிளார்க்கின் நேர்மை. கனவையும் கணக்கையும் அவர் பிரித்துவைக்கவில்லை.

இன்று றொக்கற்றின் இடத்தைச் சிறு தாரை இயந்திரங்களும், சமநிலை காக்கும் கணினிகளும் பெற்றுள்ளன. 2019 ஓகத்து 4ஆம் திகதி பிராங்கி சப்பாற்றா என்னும் பிரெஞ்சுக்காரர், காலடியிலே இயந்திரம் பொருத்திய பலகையில் நின்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். எரிபொருள் நிரப்ப இடையிலே படகொன்றில் இறங்கினார்; முதல் முயற்சியில் அவர் கடலில் விழுந்ததும் அவ்விறக்கத்தின்போதே. 2023 சனவரியில் இந்திய இராணுவம் இத்தகைய பறக்கும் உடைகள் 48ஐக் கொள்வனவு செய்யக் கேள்விப் பத்திரம் கோரியது. ஆயினும் நம் உள்ளத்தைத் தொடுவது வேறொரு செய்தி. 2020 செத்தெம்பரில் இங்கிலாந்தின் மலைநாடொன்றில் நடந்த பரீட்சையிலே, 25 நிமிடம் ஏறிச் செல்லவேண்டிய இடத்தைப் பறக்கும் உடையணிந்தவர் 90 வினாடியில் அடைந்தார். விழுந்து காயமுற்றவரிடம் வைத்திய உதவியாளரை விரைந்து அனுப்புவதே நோக்கம்.

இதனை மலையகத்தவராகிய நாம் எளிதிற் கடந்து செல்லல் ஆகாது. தெல்தோட்டை, புசல்லாவை முதலிய தோட்டப்புறங்களிலே, நோயாளியைத் தோளிற் சுமந்து வீதிக்குக் கொண்டுவந்த காட்சி நம்மிற் பலருக்குப் புதிதன்று. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்து பல உயிர்களைக் கொண்டன, வீதிகள் துண்டிக்கப்பட்டன. அந்த இரவுகளில் மருந்துப் பையோடு ஒருவர் மலைமேற் செல்லக்கூடுமாயின் அது எத்துணை உதவி! இன்றைய உடை சில நிமிடங்களே பறக்கும். நோயாளியைச் சுமந்து வாராது. மழையிலும் காற்றிலும் நம்பத்தக்கதன்று. இதையும் மறைத்தலாகாது. குறையை அறிந்தவனே அதை நீக்க முயல்வான்.

ஆகவே, இம்மலரைப் படிக்கும் இளைய மாணவரே, பறக்கும் வீரனின் படத்தை மகிழ்ந்து பாருங்கள். பார்த்தபின் மூன்று வினாக்களைக் கேளுங்கள். எத்தனை நிறையைத் தூக்குகிறான்? எத்தனை வினாடி பறப்பான்? எங்கே, எவ்வாறு இறங்குவான்? முதலிரண்டையும் பௌதிக வகுப்பிலே கற்கலாம். மூன்றாவதற்கு நாம் தரும் விடை ஒன்றுண்டு: உதவி வேண்டி ஒருவர் காத்திருக்கும் இடத்திலே இறங்குக.