உங்க ஊர் ஏரியில் இன்று எத்தனை ஏக்கர் தண்ணீர்?

2019 கோடையில் சென்னை புழல் ஏரியின் இரண்டு செயற்கைக்கோள் படங்கள் பலரது செல்போனுக்கும் வந்திருக்கும். 2018-இல் விரிந்து கிடந்த தண்ணீரை, அடுத்த ஆண்டுப் படத்தில் ஏறக்குறைய காணோம். அதேபோல உங்க ஊர் ஏரியையும் நீங்களே பார்க்கலாம், அளந்தும் பார்க்கலாம். காசு கிடையாது.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சுமார் 5 நாளுக்கு ஒருமுறை நம்ம பகுதியைப் படமெடுக்கின்றன. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம். தண்ணீர் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். மண்ணும் செடியும் அதைத் திருப்பி அனுப்பும். இந்த வித்தியாசத்தை வைத்துத் தண்ணீரைப் பிரித்தெடுத்த பிறகு, புள்ளிகளை எண்ணினால் போதும். 100 புள்ளி ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர்.

செல்போனில் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் தளத்தைத் திறந்து, ஊரைத் தேடி, மேகமில்லாத ஒரு தேதியைத் தேர்ந்தெடுங்க. 'என்டிடபிள்யூஐ' என்பதைத் தொட்டால் தண்ணீர் நீலமாகத் தெரியும். அதைச் சுற்றிக் கோடு போட்டால் பரப்பளவு வந்துவிடும். (விரலால் கோடு போடக் கொஞ்சம் பொறுமை வேணும்!)

ஆனா ஒன்று. படம் காட்டுவது அன்றைக்கு இருந்த தண்ணீரை. ஏரியின் எல்லையை அல்ல. ஆகாயத்தாமரை மூடிய பகுதி செடியாகவே தெரியும். நம்ம ஏரிகள் ஆழம் குறைந்தவை, கோடையில் நீர்ப்பரப்பு சீக்கிரம் சுருங்கிவிடும். அதனால் மே மாதப் படத்தைக் காட்டி "பாதி ஏரியை ஆக்கிரமிச்சுட்டாங்க"ன்னு சொல்ல முடியாது. வறண்டு கிடக்கும் இடத்தைப் பார்த்து "இது ஏரியே இல்லை"ன்னு யாரும் வாதாடவும் முடியாது. ஒரு ஏக்கர் குட்டைக்கு 40 புள்ளிதான் வரும், அதில் பாதிக்கு மேல் கரையோரம். அங்கே இந்தக் கணக்கை ரொம்ப நம்ப வேண்டாம்.

மழைக்காலத்தில் மேகம் மறைத்தால் சென்டினல்-1 ரேடார் படம் கைகொடுக்கும். அதில் அலையடங்கிய தண்ணீர் கறுப்பாகத் தெரியும்.

ஏரியின் மொத்தப் பரப்பு அ-பதிவேட்டில் இருக்கிறது. புல எண் தெரிந்தால் தமிழ்நாடு அரசின் இணையவழி நிலப்பதிவுச் சேவையில் பார்க்கலாம். ஆக்கிரமிப்பு என்று சந்தேகம் வந்தால், ஏரி நிரம்பியிருந்த ஆண்டின் படம், இப்போதைய படம் இரண்டையும் தேதி தெரியும்படி எடுத்து, புல எண்ணோடு மனுவில் இணையுங்க. எல்லையை அளந்து சொல்ல வேண்டியவர் நில அளவர். எந்தப் பக்கம் அளக்கணும்னு உங்க படம் காட்டும்.