வளவும் கிணறும் பழைய ரிவியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கியாறும் மாரியில் ஓடிவிட்டுக் கோடையில் காய்ந்துபோகும். நாங்கள் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கிய மழைநீரைத்தான். உப்புநீர் பாரம் கூடியது; அதன்மேல் இந்த நன்னீர் வில்லை வடிவில் மிதந்து நிற்கிறது. மேலே இருக்கும் செம்மண் பல இடங்களில் மெல்லிய படைதான். அதற்குக் கீழே தண்ணீரை வடிகட்ட எதுவும் இல்லை. வெடிப்பு வழியே அது நேரே இறங்கிவிடும். தோட்டத்துக்குப் போட்ட உரமும் மலசலகூடக் குழியின் கசிவும் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்றாக வந்து நிற்பது இதனால்தான். சுன்னாகத்துக் கிணறுகளில் மின்நிலையக் கழிவு எண்ணெய் கலந்த வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு என்று 2019இல் தீர்ப்பானது.

எண்ணெய் மிதக்கும், மணக்கும். தண்ணீரில் கரைந்த ஈயத்தை நாக்காலும் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் காலப் பெட்டி ரிவியின் படக்குழாய்க் கண்ணாடியில், எக்ஸ் கதிர் வெளியே வராமல் தடுப்பதற்காக ஈயம் கலந்திருக்கிறது. ஒரு கிலோ என்றே வைத்துக்கொள்வோம். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அந்தக் கணக்கில் ஒரு கிலோ ஈயம் பத்துக் கோடி லீற்றர் தண்ணீரை எல்லைவரை கொண்டுபோகப் போதும்.

ஆனால் அந்த ஈயம் ஒரே நாளில் கரைந்துவிடாது. கண்ணாடிக்குள் அது பூட்டப்பட்டிருக்கிறது. எனக்கு வியப்பாக இருப்பதும் இதுதான்: முழுதாக இருக்கும்வரை பழைய ரிவி பெரும்பாலும் தீங்கற்றது. செம்புக்காக வயரை எரிக்கும்போதுதான் பிளாஸ்ரிக்கிலிருந்து டயொக்சின் எழும்புகிறது, சாம்பலை மழை கழுவிக் கீழே கொண்டுபோகிறது. வாகனப் பற்றரியை உடைத்து அமிலத்தை வளவில் ஊற்றினால், அது சுண்ணாம்புக்கல்லில் நுரைத்துக் கல்லையே அரிக்கும். கூடவந்த ஈயத்துகள் வெடிப்புக்குள் போய்விடும்.

1990களின் பொருளாதாரத் தடைக்குள் பற்றரி கிடைக்காமல், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஊர் இது. அப்போது எதுவும் குப்பைக்குப் போகவில்லை. ஆனால் 2022இல் உலகம் கழித்த மின்சாதனங்கள் 6 கோடியே 20 லட்சம் தொன். முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது கால்பங்கும் இல்லை. இத்தனைக்கும் அவற்றுக்குள் பொன் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கின் ஏறத்தாழ 5,000 பதக்கங்களுக்கான உலோகத்தை யப்பான் பழைய கைத்தொலைபேசிகளிலும் கருவிகளிலும் இருந்துதான் எடுத்தது. அதில் தங்கம் மட்டும் 32 கிலோ.

இலங்கையின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி மின்சாதனக் கழிவைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் வேண்டும். பழைய சாதனத்தைக் கொடுக்குமுன், வாங்குபவரிடம் அந்த உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவரை உடைக்காமல், நனையாத மூலையில் வையுங்கள். வீங்கிய கைத்தொலைபேசிப் பற்றரி மட்டும் காத்திருக்கக்கூடாது. அதைக் குத்தவோ சார்ஜ் போடவோ வேண்டாம். எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாத இடத்தில் தனியே வைத்து, முதலில் அதைக் கையளித்துவிடுங்கள்.