ஆளில்லா அரங்கில் ஒரு கச்சேரி

சாரல் நாளில் குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தென்காசி திரும்பியதும், ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் போடுவது பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் பொம்பெய் கச்சேரிப் படம். ராக் என்றாலே கூட்டமும் கூச்சலும் என்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த ஊரின் வட்டரங்கில், 1971 அக்டோபரில் வாசித்தார்கள். எதிரே ரசிகர்கள் இல்லை. சும்மா பாவனை செய்யவில்லை, நிஜமாகவே வாசித்தார்கள். கருவிகளுக்கு மின்சாரம் வேண்டி ஊருக்குள்ளிருந்து கேபிள் இழுக்க வேண்டியிருந்தது. இயக்கியவர் ஏட்ரியன் மேபன். சில பாட்டுகள் மட்டும் பாரிஸ் ஸ்டுடியோவில் எடுத்தவை.

‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’ பாட்டில் பெரும்பாலும் டிரம்ஸ்காரர் நிக் மேசன்தான் தெரிவார். மற்றவர்களைப் பிடித்த சுருள்கள் தொலைந்துவிட்டன. நமக்கு அதுவே லாபம். நடுவில் அவர் கையிலிருந்து குச்சி நழுவுகிறது. தாளம் பிசகாமல் அடுத்ததை உருவிக்கொள்கிறார். கோயில் கொடையில் நையாண்டி மேளத்தை முண்டியடித்துப் பார்க்கிற ஆள் நான். அங்கேகூட தவில்காரர் கை இத்தனை கிட்டத்தில் தெரியாது.

2016இல் கிதார்க்காரர் டேவிட் கில்மோர் அதே அரங்கில் மறுபடி வாசித்தார், இந்த முறை ரசிகர்களோடு. அதுவும் படமாக வந்தது. ஒலி துல்லியம்தான். எனக்கென்னவோ காலி அரங்கே போதும்.